வாத்துக்காரியின் குரல் இடம்பெயர்ந்து வந்த வருசம்

எங்கள் ஊர் மருதங்கண்டலில் சீனப் படத்துக்குத் தமிழ்க் குரல் குடுத்த வருசம் மழை பிந்தி வந்தது, கூப்பனுக்குச் சாமான் குடுக்கிற சங்கக்கடைக்கு மா வரத்து நின்றது, எனக்குச் சீனத்தி ஒருத்தியின் குரல் வந்தது. மூன்றையும் சனம் ஒரே மூச்சில்தான் சொல்லும். அதில் மழையைப் பற்றித்தான் கூடக் கவலைப்பட்டார்கள்.

அந்தக் காலத்தில் சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. வெளியிலிருந்து மண்ணெண்ணெய் வராது, சவுக்காரம் வராது, புதுப்படம் வராது. ஆனால் எங்கேயோ சுற்றிச் சுழன்று, கடலில் நனைந்து, ஆற்றில் காய்ந்து, வேற்று நாட்டுச் சண்டைப் படங்கள் மட்டும் எப்படியோ வந்து சேரும். அதுகளுக்கு நாங்களே தமிழ்க் குரல் குடுத்து, ஜெனரேற்றர் வைத்து, கோயில் வீதியில் ரீவியை மேசைமேல் ஏற்றிப் போட்டுப் பார்ப்போம். குரல் குடுக்கிற வேலை சங்கக்கடையின் பின்னறையில் நடந்தது. சுவர் முழுக்கச் சாக்குக் கட்டி, ஆமி அடிக்கிற செல் விழாத, சேவல் கூவாத நேரம் பார்த்துச் செய்வார்கள். அருளண்ணை என்று முந்தி வாத்தியாராக இருந்த ஒருவர்தான் அதற்குப் பொறுப்பு. அவர் படத்தின் அடியில் ஓடுகிற இங்கிலீசு எழுத்தைப் பார்த்துத் தமிழ் எழுதி, ஆளுக்கொரு ஒற்றைத் தாளாய்ப் பிரித்துக் குடுப்பார்.

அந்த முறை வந்தது சிரிக்கவைக்கிற பகிடிப் படம். சீனத்தில் ஆற்றங்கரையோரம் ஒரு ஊர். யப்பான்காரர் படையோடு வருகிறார்கள். ஊர்ச்சனத்திடம் சுடுகிறதுக்குத் துவக்கு இல்லை, பொய் மட்டும் நிறைய இருக்கிறது. சந்தியில் நிற்கிற கைகாட்டி மரத்தைப் பிடுங்கித் திருப்பி நட்டுவிடுகிறார்கள். படை நாள்முழுக்க நடந்து திரும்பவும் அதே ஊருக்கே வருகிறது. சனம் தொப்பியை மாற்றிப் போட்டுக்கொண்டு, "வாங்கோ, இது வேற ஊர்" என்று வரவேற்கிறது. திரும்பவும் நடந்து திரும்பவும் வருகிறது. அந்த ஊரில் வாத்து வளர்க்கிற ஒரு குண்டு மனிசி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு தலைப்பாகையோடு வாசலில் நின்று, யப்பான் கப்டனை வாய் ஓயாமல் ஏசுவாள். அவளுடைய பெயர் எங்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. வாத்துக்காரி என்றே வைத்துவிட்டோம்.

வாத்துக்காரிக்குக் குரல் குடுக்க இருந்த பிள்ளையை வேறு வேலைக்கு வரச்சொல்லிக் கூட்டிப் போய்விட்டார்கள். நான் அடுத்த வளவுக்காரி. எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கேத்திலோடு போயிருந்தேன். அருளண்ணை என்னைப் பார்த்தார்.

"தவம், உனக்கு வாசிக்கத் தெரியுந்தானே பிள்ளை?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பள்ளிக்கூடத்தில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்ன நாளில் வாய் பூட்டிக்கொண்டு, அதோடு ஐந்தாம் வகுப்பில் நின்றவள் நான். கலியாணம் முடித்த பிறகும் என் குரல் அடுப்படி தாண்டினதில்லை. பூரணம் மச்சாள், என் மனுசனின் அக்கா, "இவளுக்கு நாக்கு இருக்கோ எண்டு பார்த்துத்தான் கட்டினனியோடா?" என்று தம்பியைக் கேட்டுச் சிரிப்பா.

"இதில நிண்டு இதைச் சொல்லு. பயப்பிடாத. இஞ்ச உன்னை ஒருத்தரும் பாக்கேல்லை, சீனத்தியைத்தான் பாக்கினம்" என்றார் அருளண்ணை.

எனக்கு எதிரில் கப்டனின் ஒற்றையைப் பிடித்துக்கொண்டு ஐயாத்துரை மனேச்சர் நின்றார். சங்கக்கடை மனேச்சர். சீனித் தட்டில் ஏறின எறும்பை ஊதிக்கூடத் தள்ளாமல், கையால் எடுத்து வெளியில் விடுகிற மனுசன். அறை அவருடையது, குரல் குடுக்க வேறு ஆம்பிளையும் இல்லை, ஆனபடியால் கப்டன்.

படம் ஓடத் தொடங்கியது. நான் எழுதித் தந்ததை வாசித்தேன். "என்ர முத்தத்தில ஆரைக் கேட்டுக் கால் வைச்சனீ? செருப்பைக் கழட்டு!" அவ்வளவுதான் ஒற்றையில் இருந்தது. ஆனால் வாத்துக்காரியின் வாய் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அருளண்ணை கையைச் சுழற்றி, சொல்லு சொல்லு என்று காட்டினார். என்ன சொல்ல? நான் அவளுடைய வாயைப் பார்த்தேன். அதன் ஆட்டத்துக்குள் என்னுடைய வார்த்தைகள் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. "சோத்துக்கு வந்தனியோ, சொத்துக்கு வந்தனியோ? உன்னைப் பெத்தவள் உனக்கு வாசல் எது, வளவு எது எண்டு சொல்லித் தரேல்லையோ? வரிசையில பின்னுக்கு நிண்டால் முன்னுக்கு இடிக்கிறாய், முன்னுக்கு நிண்டால் பின்னுக்கு இழுக்கிறாய், உறங்கிற பிள்ளைக்கு மேலால பிளேன் விடுறாய், உன்ர தலையில இடி விழ, உன்ர கஞ்சியில கல் விழ..." வரிசையில் இடிக்கப்பட்டது, இருட்டில் பங்கருக்குள் குந்தியிருந்தது, ஒருநாளும் ஒருவருக்கும் சொல்லாதது எல்லாம் வந்தது. முடிந்தபோது மனேச்சர் ஒற்றையைக் கீழே விட்டுவிட்டு, தன்னுடைய செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிழை அதில் நடக்கவில்லை. பிழை பிறகு நடந்தது. முந்தின படங்களில் எல்லாம் எங்கள் குரலுக்கு அடியில் அந்தந்த நாட்டுக் குரலும், கஞ்சிக்கு அடியில் சோறு கிடக்கிறமாதிரி, மெல்லக் கிடக்கும். ரெண்டு பேர் கதைக்கிறது குழப்பமாய்க் கிடக்கு என்று சனம் முறைப்பட்டது. அதனால் அருளண்ணை இந்தப் படத்தில் சீனக் குரலையும் யப்பான் குரலையும் ஒரு சொட்டும் மிஞ்சாமல் வழித்துத் துடைத்துவிட்டார். இருந்த வீட்டை விட்டுத் துரத்தினால் ஒரு குரல் எங்கே போகும்? ஆமி வந்தால் நாங்கள் எங்கே போகிறோமோ அங்கேதான். கிட்டின சொந்தத்திடம்.

அடுத்தநாள் காலை அடுப்பு மூட்டிவிட்டு, "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி" என்று என் மனுசன் லோகனைக் கூப்பிட வாய் திறந்தேன். சீனம் வந்தது.

என் குரலைவிடத் தடித்த, கொஞ்சம் கரகரத்த, வாத்துகளுக்குப் பின்னால் ஓடிப் பழகின குரல். லோகன் திரும்பிப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். "சீனி காணாது" என்றார்.

அன்றைக்கே சங்கக்கடையில் மனேச்சர் கதவைத் திறந்து, "வரிசையாய் வாங்கோ பிள்ளையள்" என்று சொல்ல நினைத்திருக்கிறார். வந்தது யப்பான் கப்டனின் அதட்டல். பருப்புக்கு நின்ற சனம் அவ்வளவும் கயிறு பிடித்தமாதிரி நேராய் நின்றது.

ஊர் ஒரு கிழமைக்கு இதைப் பற்றிக் கதைத்தது. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டொக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், டோர்ச் அடித்துப் பார்த்தார், "சீனம் எண்டுதான் நினைக்கிறன்" என்று சொல்லிக் காய்ச்சலுக்குக் குடுக்கிற குளிசையைத் தந்துவிட்டார். கோயில் ஐயர் என்னைத் தேவாரம் பாட வேண்டாம் என்றார். "பிள்ளையாருக்கு எல்லாப் பாசையும் தெரியும் ஐயா, உங்களுக்குத்தான் தெரியாது" என்று பின்னாலிருந்து ஆரோ சொல்ல, சனம் சிரித்தது. அருளண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார்.

"பிள்ளை, அந்தச் சத்தத்தைத் திருப்பிப் போட வழியில்லை. துடைச்சது துடைச்சதுதான். என்னை மன்னிச்சுக்கொள்."

பூரணம் மச்சாள்தான் எனக்காகக் கதைத்தா. "இப்ப என்ன நடந்து போச்சு? இடம்பெயர்ந்து வந்ததுகளைப் போ எண்டு சொல்லுறதே? நாங்கள் படுத்தெழும்பின கொட்டிலெல்லாம் ஆரின்ர வளவில கிடந்தது? பாவம், எந்த ஊர்ப் பெட்டையோ. வீடு வாசல் இல்லாமல் இவளின்ர தொண்டைக்குள்ள வந்து இருக்கிறாள். இருக்கட்டும். சோறோ கேக்குது, துணியோ கேக்குது?"

அதோடு ஊர் அடங்கியது. எங்கள் பக்கத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்களை எப்போது போவீர்கள் என்று கேட்கிற வழக்கம் இல்லை. என் வாய்க்கு வந்தவளையும் அப்படி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது வேறு. வயலுக்குள் குரங்கு இறங்கினால், "தவத்தைக் கூப்பிடுங்கோ, சீனத்தில ரெண்டு பேச்சுப் பேசட்டும்" என்று ஆள் வரும். குரங்குகளுக்குத் தமிழ் ஏச்சுப் பழகிப்போயிருந்தது, சீனம் கேட்டால் ஓடின. சந்தைக்குப் போனால் மரக்கறிக்காரி கையால் விலையைக் காட்டுவாள், நான் சீனத்தில் பேரம் பேசுவேன், அவள் தமிழில் ஏசுவாள், கடைசியில் ரெண்டு பேரும் ஒரு விலைக்கு வந்துவிடுவோம்.

மனேச்சருக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. அவரிடம் வந்ததும் இடம்பெயர்ந்த குரல்தான், ஆனால் அது கதவை உதைக்கிற குரல். முதலில் பொடியள் சிரித்தார்கள். பிறகு ஒருநாள், ஆமியின் சுற்றிவளைப்பில் மகனைப் பறிகொடுத்த மனிசி ஒருத்தி, மா வாங்கி முடித்தவளிடம் "கவனமாய்ப் போங்கோ" என்று அவர் சொன்ன சொல்லைக் கேட்டு, கூப்பனையும் மாவையும் போட்டுவிட்டு நிலத்தில் குப்புறப் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு வாயை மூடினவர்தான். விரலால் காட்டி அரிசி அளந்தார். தலையால் ஆட்டிக் கணக்குச் சொன்னார். வீட்டிலும் அவர் வாய் திறக்கிறதில்லை என்று அவருடைய மனிசி மச்சாளிடம் சொல்லி அழுதிருக்கிறா.

என் மகன் கீரன் அப்போது பேச்சுப் பழகுகிற வயசு. அவனுக்குக் கிடைத்த தாய்மொழி என்னிடம் இருந்ததுதான். பசித்தால் சீனத்தில் அழுதான். நிலவைக் காட்டிச் சீனத்தில் ஏதோ கேட்டான். நான் "வா" என்று நினைத்தால் என் வாயில் "லாய்" என்று வரும். "என்ர செல்வம்" என்று நினைத்தால் "பௌபெய்" என்று வரும். "லாய், பௌபெய், லாய்" என்றால் எந்த மூலையில் நின்றாலும் வருவான், வெறுமனே வரமாட்டான், படத்தில் வாத்துகள் வருகிறமாதிரி ரெண்டு கையையும் செட்டையாக்கி அடித்துக்கொண்டு வருவான்.

மாதத்தில் ஒருக்கால் கோயில் வீதியில் அந்தப் படம் போடுவார்கள். அன்றைக்கு நான் கடைசியில், வேப்பமரத்தோடு ஒட்டி நிற்பேன். ரீவிக்குள்ளே வாத்துக்காரி என் குரலில் ஏசுவாள். ஊர் கைதட்டும். எனக்கோ, கழற்றி வைத்த தாலிக்கொடியை ஆரோ போட்டுக்கொண்டு முன்னால் நடக்கிறமாதிரி இருக்கும். லோகன் முன்வரிசையில், சின்னப் பிள்ளைகளோடு சப்பாணி கட்டி இருப்பார். ஒருநாள் படம் முடிந்து வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு சொன்னார்:

"நீர் என்னை ஒருநாளும் இப்பிடி ஏசிப் பேசேல்லை."

கொஞ்சத் தூரம் போன பிறகு, "பேசியிருக்கலாம்" என்றார்.

மழை வந்தது. மழைக்குப் பின்னால் சண்டை வந்தது. முதலில் தூரத்தில் இடி மாதிரிக் கேட்டது, பிறகு பக்கத்து ஊர், பிறகு எங்கள் குளக்கட்டு. ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். சட்டி பானை, பாய், கோழி, கூரைக் கிடுகு கூடக் கழற்றி ஏற்றினார்கள். ஐயாத்துரை மனேச்சர் தராசை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறி இருந்தார்.

பனங்கூடலுக்குள் முதல் ஆறுதல். அங்கேதான் லோகன் மூட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"அந்தப் படக் கசெற் சங்கக்கடைக்குள்ள கிடக்கு. ஒருத்தரும் எடுக்கேல்லை."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். போகவேண்டாம் என்றேன். எனக்கு அந்தக் குரல் வேண்டாம், அது அங்கேயே கிடக்கட்டும், எனக்கு நீங்கள் இருந்தால் போதும் என்றேன். எல்லாம் சீனத்தில்.

"விளங்கேல்லை" என்று தலையை ஆட்டினார். விளங்கினது. இவ்வளவு காலத்தில் என் சீனம் அவருக்கு நல்லாய் விளங்கும். "உம்மட குரலை விட்டிட்டு எப்பிடியப்பா போறது? இந்தா, போன காலோட வந்திடுவன். நீர் சனத்தோட போம், பிள்ளையைக் கவனமாய்ப் பிடியும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். வந்த சனம் எல்லாம் ஒரு பக்கம் போக, அவர் மட்டும் எதிர்ப்பக்கம் போனார்.

பிறகு நாங்கள் நடந்தோம். ஒரு ஊரில் இருந்து அடுத்த ஊருக்கு, அங்கேயும் செல் விழ அடுத்த ஊருக்கு. எங்கே போய்ச் சேர்ந்தாலும் அதே தறப்பாள் கொட்டில், அதே கஞ்சிக் கிடாரம், அதே அழுகை. "படத்தில அவங்கள் ஆமியைச் சுத்த விட்டாங்கள். எங்கட கைகாட்டியைத் திருப்பி வைச்சது ஆரடி?" என்று பூரணம் மச்சாள் கேட்டா. ஒருவரும் சிரிக்கவில்லை.

ஒடுக்கமான ஒரு தாம்போதிப் பாதையால் சனம் முழுக்கக் கடக்கவேண்டி வந்தது. ரெண்டு பக்கமும் தண்ணி, நடுவில் சனம், வண்டில், மாடு. என் தலையில் பானை, ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் கீரன். பின்னால் ஒரு செல் விழுந்தது. சனம் ஒரு அலைமாதிரி எழும்பி என்மேல் விழுந்தது. நான் எழும்பினபோது பானை கையில் இருந்தது. பிள்ளையின் கை இல்லை.

தாய்மார் எல்லாரும் கத்தினார்கள். தம்பி, ராசா, குஞ்சு, அப்பன், தம்பி, தம்பி. அந்தத் தாம்போதி முழுக்க எத்தனை தம்பி. நான் வாயைத் திறக்காமல் ஓடினேன். முன்பின் தெரியாத சனம், ஊருக்குத் தெரிந்த சீனம் இவர்களுக்குத் தெரியாது, பார்ப்பார்கள், சிரிப்பார்கள் என்ற வெட்கம் அந்த நேரத்திலும் என் வாயைப் பொத்தியது. பிறகு அதையும் தள்ளிக்கொண்டு கத்தினேன். "லாய்! பௌபெய், லாய்!" எனக்கே கேட்கவில்லை. மாடு கத்துது, உழவு இயந்திரம் இரையுது, ஆயிரம் வாய் அழுகுது, அதற்குள் என் குரல் உப்புத் தண்ணியில் உப்புப் போட்டமாதிரிக் கரைந்தது. ரெண்டு பக்கமும் தண்ணி. கீரனுக்கு நீந்தத் தெரியாது.

உழவு இயந்திரப் பெட்டியில் இருந்த ஐயாத்துரை மனேச்சர் என்னைக் கண்டார். என் கையையும் கண்டார், அது வெறுமையாய் இருந்ததையும் கண்டார். மடியில் இருந்த தராசைப் பக்கத்தில் வைத்தார். எழும்பி நின்றார். அவர் "பிள்ளையள், கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்லத்தான் நினைத்திருப்பார்.

"தோமரே!"

அப்படி ஒரு அதட்டலை நான் அந்தச் சண்டை முழுக்கக் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் வாய்க்குள் அடைத்து வைத்திருந்த முழுக்குரலும் ஒரே சொல்லாய் வந்து விழுந்தது. தாம்போதி நின்றது. ஓடினவர்கள் ஓடின காலோடு நின்றார்கள். கொஞ்சப் பேர் குப்புற விழுந்தார்கள், கொஞ்சப் பேர் ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்கள். அழுத பிள்ளைகள் அழுகையை விழுங்கின. மாடுகூட வாலை ஆட்டவில்லை. தண்ணி கரையில் அடிக்கிற சத்தம் கேட்டது.

அந்த அமைதிக்குள் நான் கூப்பிட்டேன்.

"லாய். பௌபெய், லாய்."

கொஞ்சத் தூரத்தில், சாய்ந்து கிடந்த வண்டிலின் கீழே இருந்து ரெண்டு சின்னக் கைகள் வெளியில் வந்தன. செட்டை அடித்தன. சேறு பூசின என் வாத்து, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அவ்வளவு சனத்தின் கால்களுக்கு நடுவாலும் அடித்து அடித்து வந்து என் மடியில் ஏறியது.

பிறகு சனத்துக்கு உயிர் வந்தது, கோபமும் வந்தது. "எந்த நாயடா அது? எங்களுக்குள்ளயும் ஆமியோ?" என்று ஒருவன் மண்ணாங்கட்டியால் எறிந்தான். அது மனேச்சரின் நெற்றியில் பட்டது. அவர் குந்தி இருந்து தராசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு என் சீனத்தில் அவருக்குச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவர் தன்னுடைய யப்பானில் ஏதோ திருப்பிச் சொன்னார். அதட்டினமாதிரித்தான் இருந்தது. கண்ணால் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஆமியின் முகாமில், முள்ளுக்கம்பிக்கு உள்ளே இருக்கிறோம். விசாரிக்கிறவர்களிடம் பூரணம் மச்சாள், "இவள் ஊமை" என்று சொல்லி வைத்திருக்கிறா. கீரன் மற்றப் பிள்ளைகளோடு தமிழ் பழகிவிட்டான். என்னோடு மட்டும் தறப்பாளுக்குள் மெல்லமாய்ச் சீனம் கதைப்பான். அப்பா எங்கே என்று கேட்பது அந்தப் பாசையில்தான்.

போன கிழமை, எங்கள் ஊரைத் துப்புரவாக்க ஆமி கூட்டிக்கொண்டு போனவர்களில் தச்சுவேலை செய்கிற நேசன் திரும்பி வந்தான். நேரே எங்கள் தறப்பாளுக்கு வந்து குந்தினான்.

"அக்கா, சங்கக்கடை கூரை இல்லாமல் நிக்குது. பின்சுவரில லோகண்ணையின்ர சைக்கிள் சாத்தினபடி கிடக்கு. ரெண்டு சில்லுக்கும் காத்து இருக்கு. ஆளைக் காணேல்லை."

மச்சாள் வாயில் சீலையை அடைத்துக்கொண்டா. நேசன் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ரீவியும் இல்லை, கரண்டும் இல்லை அக்கா. ஆனா பின்னறைக்குள்ள நீங்கள் ஏசிக்கொண்டு இருக்கிறீங்கள். பகல் முழுக்க. ஆரைக் கேட்டுக் கால் வைச்சனீ எண்டு. ஆமிக்காரர் சுவரை இடிச்சுப் பாத்திட்டாங்கள், நிலத்தைக் கிண்டிப் பாத்திட்டாங்கள். அவங்களுக்குத் தமிழ் விளங்காது. எண்டாலும் ரெண்டு பேர் சப்பாத்தைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு நிண்டதை என்ர கண்ணால கண்டனான்."

மச்சாள் அழுகைக்குள்ளே சிரித்துவிட்டா. "எடியே தவம், ஊரில இன்னும் இடம்பெயராமல் நிக்கிறது உன்ர வாய் மட்டும்தானடி" என்றா.

அதன் பிறகு நான் நேரம் கிடைக்கிறபோதெல்லாம் கீரனைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர் இருக்கிற பக்கத்துக் கம்பியோரம் போய் நிற்கிறேன். காவலுக்கு நிற்கிறவன் பார்க்கிறான். பார்க்கட்டும். நான் வாயைத் திறந்து "லாய், லாய்" என்று கூப்பிடுகிறேன். மகனும் என் இடுப்பில் இருந்துகொண்டு செட்டை அடித்து அடித்துக் கூப்பிடுகிறான்.

என் குரலுக்குச் சீனம் விளங்காது. அது வராது. ஆனால் அவருக்கு நல்லாய் விளங்கும்.